ஆரம்பப் பாடசாலையில் நூல் நிலையம்

நமது கல்லூரியினின்றும் வெளிப்போந்த பழைய மாணவருள் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயராய் அமர்ந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராதலின், இவ்வாண்டு மலருக்கு அத்தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை வரைக எனப் பத்திராசிரியர் பணித்தபோது மறுத்தல் இயலவில்லை. கல்வித் தத்துவங்களைப் பற்றி எழுதுதற்குப் பேராசிரியர்கள் உளர். நாம் எழுதத்தக்கது, நாடோறும் நாம் கையாண்டு வரும் ஒரு மர அலமாரியைப் பற்றியதேயாம்.

அவ்வலமாரியை முதன்முதல் யாம் கண்ட வரலாற்றை முதற்கண் கூறிவிடுவோம். பணியேற்ற முதல் வாரத்தில் அதன் திறவுகோலும் பதிவேடும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டன. பதிவேடு வெகு ஒழுங்காயிருந்தது. ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண், வாங்கிய தேதி, ஆசிரியர் பெயர், நூற்பெயர், விலை என்பன அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் 'எண்ணிக்கை சரி' என்னும் குறிப்பும் கையொப்பமும் இடப்பட்டிருந்தன. இரவல் கொடுத்த கணக்கோ முதற் பக்கத்தைத் தாண்டவில்லை. வரிசை எண்ணைப் பார்த்து ஒவ்வொரு நூலாக வெளியே எடுக்கலானோம். மேற்றட்டு நூல்கள் புதுக்கருக்கு அழியாதிருந்தன. கீழ்த்தட்டிலிருந்த நூலொன்றைத் தூக்கியபோது அது பஞ்சுபோல் இலேசாயிருக்கக் கண்டு, ஐயுற்று விரித்தோம். அட்டையும் முதுகும் அப்படியே நிற்க, உள்ளே தாள்கள் இருந்த இடத்திற் கறையான் மண்ணே இருந்தது. அத்தட்டு முழுவதும் அக்கதியே. பதிவேட்டின்படி பார்த்தாலோ ஒரு நூலும் குறையவில்லை!

இதனைக் கூறியது முன்னிருந்தார்மேற் குற்றஞ் சுமத்துதற்கன்று. ஆரம்பப் பாடசாலைகளில் நூலகர் எனத் தனியே ஒருவர் இருப்பதில்லை. வகுப்பு நடத்தும் உபாத்தியாயரே, மதிய உணவுக் கணக்கும் வருகைப் பதிவும் பார்த்த பிறகு, நூல்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நூல் தொலைந்தால் விளக்கம் எழுத வேண்டும். விலையும் தம் கையிலிருந்து கொடுக்க நேருமோ என்னும் அச்சமும் உண்டு. பூட்டிய அலமாரியைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. திறந்த அலமாரிக்கே கேள்வி வருகிறது. இந்நிலையிற் பூட்டுத் துருவேறுவதில் வியப்பென்னை? ஆதலின், ஆரம்பப் பாடசாலை நூல் நிலையத்தை நடத்தும் முறையைச் சொல்லப் புகும் நாம், தொலைந்த நூலின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

நூலகவியலின் தந்தையென நம் நாட்டார் போற்றும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) ஓர் உபாத்தியாயராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, அரசாங்கக் கல்லூரிகளிற் கணிதம் போதித்து, 1924-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராயினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தினுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தற்குரியன என்பது. இதனைச் சொல்ல ஒரு பேரறிஞர் வேண்டுமோ என நகைப்பார் நகைக்கலாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியாற் பலகையோடு பிணைத்து வைத்திருந்தார்கள் என்பதையும், நம் பாடசாலைகளில் இன்றும் பிணைப்பு வேறு உருவில் இருக்கிறதென்பதையும் நினைப்பவர் நகையார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்தில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். புழுதியும் மழையும் பட்டு ஒரு வண்டி நூல் சிற்றூர்களைச் சுற்றி வரலாமெனின், ஓர் அறைக்குள் இருக்கும் அலமாரி திறந்திருத்தல் ஆகாதோ?

அச்சம் உடையார்க்கு ஓர் அரசாங்க விதியை எடுத்துக்காட்டுவோம். இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி நூலகங்களின் கணக்கெடுப்பைப் பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைதல் இயல்பென அது ஒப்புகின்றது; வஞ்சகமோ கவனக்குறைவோ காரணமாயிருத்தல் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும், எவ்விலையதாயினும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் தவறாது விசாரிக்க வேண்டும் என்கிறது. இவ்விதி மத்திய அரசின் அலுவலகங்களுக்கு உரியது. நம்போன்ற பாடசாலைகளை நேரே கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அதன் உட்கருத்தை நோக்குமின். ஆயிரம் என்பது அலமாரியில் இருக்கும் நூல்களின் தொகையன்று, கைம்மாறிய நூல்களின் தொகை. அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் வாரம் ஒரு நூலாக முப்பத்தைந்து வாரம் இரவல் கொடுத்தால் 2100 முறை நூல்கள் கைம்மாறும். அதற்குப் பத்து நூல் தொலைதல் இயல்பென்றாகின்றது. ஒரு நூலும் கொடாதவர்க்கு ஒரு நூலும் தொலைய உரிமையில்லை. கணக்கன் எழுதிய விதியே இவ்வளவு தாராளமாயிருக்க, உபாத்தியாயர் அதனினும் கடுமை காட்டுவானேன்?

மற்றொரு சட்டமும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூல் நிலையம் இருக்க வேண்டுமென்றும், அதில் நாளிதழும் சஞ்சிகைகளும் எல்லாப் பாடங்களையும் பற்றிய நூல்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டுமென்றும் விதிக்கப்பட்டுள்ளது. கதைப் புத்தகங்கள் என்று தனியே பெயர் சொல்லியிருப்பதை, கதை படிப்பது வீண்பொழுது என்று கருதும் பெற்றோர்க்கு நாம் வாசித்துக் காட்டுவதுண்டு.

இனி, நூல்களை அடுக்கும் முறை. அலமாரியின் உயரம் உபாத்தியாயரின் கைக்கு அளவாயிருத்தல் பிழை. முதல் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுவதாயிருத்தல் வேண்டும். நமது அலமாரியைத் தச்சனிடம் கொடுத்துக் குறுக்காக இரண்டாக அறுத்து, இரண்டு குட்டை அலமாரிகளாக்கிக் கொண்டோம். கதவுகளைக் கழற்றி, அவற்றைக் கொண்டே ஒரு தாழ்ந்த மேசை செய்வித்தோம். சுவரினின்று ஒரு சாண் தள்ளியும், தரையினின்று செங்கல்மேல் உயர்த்தியும் வைத்தால் கறையான் ஏறுவது உடனே கண்ணிற் படும். கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் வேப்பிலையும் நாப்தலின் உருண்டையும் ஓரளவு உதவும். ஆயின், வாரந்தோறும் ஒரு கை எடுத்து விரிக்கும் நூலிற் கறையான் குடியேறுவதை நாம் இதுகாறும் கண்டதில்லை.

அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம வகுப்பு முறை உலகெங்கும் வழங்குகின்றது. அறிவனைத்தையும் பத்துப் பெரும்பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரிப்பது அம்முறை. நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2 என்பதும், விலங்குகளுக்கு 590 என்பதும் எண்கள். தமிழிலக்கியத்திற்கு 894.811 என்னும் நீண்ட எண் கிடைத்திருக்கிறது. தமிழுக்கு அம்முறையிற் கிடைத்த இடம் எவ்வளவு ஒடுங்கியதென்பதை எண்ணின் நீளமே காட்டும். முந்நூறு நூல்கள் உள்ள சிறுவர் அலமாரிக்கு இவ்வளவு வேண்டுவதில்லை. நாம் ஆறு நிறத் தாள்களை ஒட்டினோம். கதைக்குச் சிவப்பு, பாட்டுக்கு மஞ்சள், விலங்கு செடிகொடிகளுக்குப் பச்சை, பெரியோர் வரலாற்றுக்கு நீலம், விஞ்ஞானமும் கணக்கும் வெள்ளை, ஊர்களும் நாடுகளும் காவி. எழுத்தறியாத பிள்ளையும் பச்சை நூலைப் பச்சைத் தட்டில் வைத்துவிடும். டூயி எண்ணைப் பென்சிலால் உட்பக்கத்தில் எழுதி வைத்தோம். பிற்காலத்தில் வேண்டுவார்க்கு அஃது உதவும்.

இதில் நாம் செய்த பிழையொன்றையும் சொல்லுதல் தகும். பெரிய நூலகங்களைப் பார்த்து, நிறத்தாளை நூலின் முதுகில் ஒட்டினோம். சிறுவர் நூல்களில் மிகப் பலவற்றுக்கு முதுகே கிடையாது. பதினாறு பக்கமோ இருபத்துநான்கு பக்கமோ கம்பி தைத்து மடித்தவை. ஒட்டிய தாள் ஒரு வாரத்தில் உதிர்ந்தது. அப்பால், முன்னட்டையின் கீழ் மூலையில் ஒட்டி, இத்தகைய மெல்லிய நூல்களைத் தட்டில் நிறுத்தாமல், துணி உலர்த்தும் கொடிபோலச் சுவரோரம் கயிறு கட்டி, முகப்புப் படம் தெரியுமாறு தொங்கவிட்டோம். பிள்ளைகள் நூலைத் தேர்ந்தெடுப்பது முகப்பைப் பார்த்தே. அதனைக் காக்கித் தாளால் மூடிப் பெயரெழுதி வைத்தலைப் போன்ற கேடு பிறிதில்லை.

அகர வரிசையில் ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. நம் நாட்டிற் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து வருகின்றது. அழ. வள்ளியப்பாவின் பாட்டு நூலை எங்கே வைப்பது என்றால், பிள்ளைகள் அகரத்தில் வைப்பார்கள். அஃது அவர் பெயரன்று, பெயருக்கு முன்னெழுத்து என்று விளக்கி வகரத்திற்கு மாற்ற வேண்டும். பெ. தூரன் தகரத்தில் வருவார். நான்காம் வகுப்புக்கு இது பாடமாகவும் விளையாட்டாகவும் அமைந்தது. தத்தம் பெயரையும் வகுப்பிலுள்ளோர் பெயரையும் வரிசைப்படுத்தச் சொன்னால் ஒரு மணிநேரம் கூச்சலோடு கழியும்.

இரவல் கொடுப்பதற்குப் பெரிய நூலகங்களில் அட்டையும் உறையும் வழங்கும். நாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினோம். கொண்டுபோகும் நூலின் பெயரைப் பிள்ளையே எழுத வேண்டும். எழுதத் தெரியாத முதல் வகுப்பார் அட்டையிலுள்ள படத்தை வரைந்து காட்டலாம். யானையும் குடமும் நிலவும் வரைந்த அப்பக்கங்கள், ஆண்டு முடிவில் அப்பிள்ளைகள் எழுத்துக்கு வந்த வழியையும் காட்டுகின்றன. தேர்வுத் தாளும் அவ்வளவு தெளிவாய்க் காட்டுவதில்லை.

தொடக்கத்தில் அலமாரியின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தோம். நூலைத் தொலைத்தவரும் கெடுத்தவரும் அதன் விலையைக் கட்ட வேண்டும் என்பது அது. அவ்வாண்டு ஐப்பசி மாதத்து அடைமழையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் போலும் என்றிருந்தோம். ஐந்தாம் நாள் மாலை அவள் வீடு தேடிச் சென்றோம். கூரை ஒழுகிய வீடு. அடுப்பருகே அம்மிக்கல்லின்மேல் நம் நூல் விரிந்து கிடந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே தென்னை ஈர்க்கு வைத்து, வெப்பம் அளவாய்ப் படுமாறு அவள் உலர்த்திக்கொண்டிருந்தாள். நம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சிரும் சார்" என்றாள். அவளுடைய பாட்டி நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவுங்க சாமி கட்டணும்?"

நூலின் விலை முப்பத்தைந்து ரூபாய். அதன்பொருட்டு ஒரு பிள்ளை நான்கு நாள் படிப்பை இழந்தாள். நாம் செல்லாதிருந்தால் இன்னும் எத்துணை நாளோ அறியோம். அறிவிப்பை அன்றிரவே கிழித்தெறிந்தோம். அபராதம் என்பது நம் நூல் நிலையத்தில் அதன்பின் இல்லை. அச்சிறுமிக்கு நாம் கொடுத்த வேலை, கிழிந்த நூல்களைச் செப்பனிடுவது. ஈரத் தாளைப் பிரிக்கும் முறையில் அவளே நமக்கு ஆசிரியை. நாம் அவளுக்குக் கற்பித்தது பசை காய்ச்சுதல் மட்டுமே. செல்லோ டேப்பு ஒட்டினால் ஓரிரண்டு ஆண்டிற் பழுப்பேறித் தாளையும் தின்றுவிடும். மைதா மாவைத் தண்ணீரிற் கரைத்துக் காய்ச்சிய பசையும், மெல்லிய தாளும் போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரியாதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சாதலின் பிள்ளைகள் கையிற் கொடுத்தல் ஆகாது.

வாரத்தில் இரண்டு பாடவேளை நூல் நிலையத்தில் நடக்கின்றன. அவ்வேளைகளில் என்ன கற்பிப்பது என்று நம்மைக் கேட்ட நண்பர் பலர். முதல் வகுப்பிற்கு நாமே வாய்விட்டு வாசிக்கின்றோம். நூலைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிப் பிடித்து, வரியின்கீழ் விரலை ஓட்டி, அரைப்பக்கத்தில் நிறுத்தி, மேல் என்ன நேரும் என்று கேட்கின்றோம். வீட்டிற் கைபேசி உண்டு, புத்தகம் ஒன்றும் இல்லை என்னும் நிலையில் வரும் பிள்ளைகளே பெரும்பாலார். எழுத்து இடமிருந்து வலம் செல்கிறதென்பதும், தாள் திரும்பினாற் கதை தொடர்கிறதென்பதும் அவர்களுக்குப் புதுச் செய்திகள். புது நூலை விரிக்கும் முறையையும் காட்டுகின்றோம். முதுகைப் பலகையிற் கிடத்தி, முன்னே சில தாள், பின்னே சில தாள் என மாறிமாறி நீவி விரித்தால் தையல் விடாது.

இரண்டாம் வகுப்பு முதல் ஐவிரல் முறை. ஒரு பக்கத்தை விரித்து வாசிக்கையில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கி, ஐந்தும் மடங்கினால் அந்நூலை இப்போதைக்கு வைத்துவிட்டு வேறொன்று எடுக்கலாம். 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையார் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தது நன்முறையே. ஆயினும் பிள்ளையின் மீது படியின் பெயரை ஒட்டுதல் தவறு. பறக்கும் பிள்ளையும் ஒருநாள் நுழையும் நூலை எடுத்துப் படுத்துக்கொண்டு வாசித்தால், அதனைப் பிடுங்குதல் வேண்டா.

ஐந்தாம் வகுப்பிற்கு அகராதி. பழம், பால், பல் என்னும் மூன்றையும் வரிசைப்படுத்துக என்றால், லகரம் ழகரத்துக்கு முந்தியதென்ற நினைப்பிற் பாலைப் பழத்துக்கு முன் வைப்பார்கள். பகரத்தில் தொடங்குவன யாவும் முடிந்தபின்னரே 'பா' வரும் என்பதைத் தெளிந்துகொண்ட பிள்ளைக்கு எப்பெரிய அகராதியும் திறந்துவிட்டதாகும். இவ்வகுப்பிற்கே கலைக்களஞ்சியத்தையும் காட்டுகின்றோம். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் நம்மிடம் உண்டு. பழைய நூல் எதற்கு என்பாருண்டு. பழையதாயிருப்பதே நமக்குப் பயன்பட்டது. சூரியனைச் சுற்றும் கோள்கள் ஒன்பது என்று ஒரு பழைய விஞ்ஞான நூலிலும், எட்டு என்று புதிய நூலிலும் கண்ட பையன், எது பொய் என்று கேட்டான். இரண்டு நூல்களிலும் அச்சான ஆண்டைப் பார்க்கச் சொன்னோம். புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து விஞ்ஞானிகள் நீக்கியது 2006-இல் என்று சொன்னவுடன், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டும் பழக்கம் வகுப்பு முழுவதற்கும் பரவிவிட்டது. இப்போது நமது பாடக் குறிப்பேட்டையும் திருப்பி, 'சார், இது எந்த வருஷம்?' என்கிறார்கள்.

பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் முறையும் வைத்திருக்கின்றோம். சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியில் 1789 முதற் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்தியர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவனைக்கொண்டே மாணவனுக்குப் போதிக்கும் சென்னை முறையை இங்கிலாந்திற்குக் கொண்டுசென்றார் என்பது கல்வி வரலாறு. அங்கு அது மலிவான படிப்புக்கு வழியாயிற்று. நமக்கு அது வேறொரு வகையில் உதவுகிறது. ஐந்தாம் வகுப்பில் வாசிப்புத் தடுமாறும் பையனுக்கு முதல் வகுப்பு நூலைக் கொடுத்தால் நாணுவான். சின்னவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கொடுத்தால், முதல்நாள் இரவே நான்கு முறை வாசித்துவிட்டு வருவான்.

நூல் சேர்ப்பதைப் பற்றி, இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. நமது பள்ளிக்கு அன்பளிப்பாக வந்த மூட்டைகளில் நாம் கண்டவை: போட்டித் தேர்வு வழிகாட்டிகள், மருத்துவக் கல்லூரிப் பாட நூல், நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதி ஒன்று, சென்ற ஆண்டு நாட்காட்டிகள். அனுப்பினோர் நல்லெண்ணத்தை மதிக்கின்றோம். ஆயினும் இடம் ஒழியாமற் கொடுப்பது தானமாகாது. ஏழு வயதுப் பிள்ளை தானே விரும்பி எடுக்கக்கூடிய புதுத் தமிழ்க் கதை நூல் ஒன்று, ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒரு வரிசையினும் மேலாகும். நூல் அனுப்புவதினும் நன்று, பள்ளிக்கு வந்து ஒரு பிற்பகல் தரையில் அமர்ந்து வாசித்துக் காட்டுதல். சென்ற தை மாதத்தில் நம்முடன் பயின்ற இரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவர் அவ்வாறு வந்தார். இரயில் நூல்கள் இரண்டும் அன்று முதல் அலமாரியில் தங்குவதே இல்லை.

சித்திரையிற் கணக்கெடுத்தோம். பதினொரு நூல்கள் கிடைக்கவில்லை. அவற்றுள் இரண்டு, வேறூர்க்குச் சென்ற செங்கற்சூளைத் தொழிலாளரின் பிள்ளைகளோடு போயின என்று தெரிகின்றது. ஆறு நூல்கள் செப்பனிடற்கியலாத அளவு தேய்ந்துவிட்டன. பதிவேட்டிற் குறிப்பு எழுதும் கட்டத்தில் 'கிழிந்தது' என்று எழுதப்போன நம்மை அப்பழைய சிறுமி தடுத்தாள். அவள் இப்போது ஆறாம் வகுப்பில் வேறு பள்ளியிற் படித்தும், விடுமுறையில் பசை காய்ச்ச வந்திருந்தாள். அவள் சொற்படியே 'படித்துத் தேய்ந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவ்வாறு நூல்களையும் மறுபடி வாங்கப் பட்டியல் அனுப்பியாயிற்று.